சத்தமில்லாத எஸ்.எம்.பி.எஸ்.

ஜூன் 12

முப்பத்து நான்கு வருடம் சப்ஸ்டேஷனில் மணிக்கொரு தரம் லாக் புத்தகம் எழுதியவன் நான். ரிட்டையர் ஆன அன்றைக்கு, இனிமேல் பேனாவைத் தொட மாட்டேன் என்று வேணியிடம் சொன்னேன். இன்று தொட வேண்டியதாகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவின் உத்தரவு. "அம்மா பேச்சுல என்ன மாற்றம் தெரியுதுன்னு தேதி போட்டுக் குறிச்சு வைங்க சார்" என்றார். பேங்கில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

வேணிக்கு நரம்பு நோய். வாயில் நுழையாத பெயர். முதலில் இடது கையில் பிடிமானம் போனது, பிறகு கால்கள். அடுத்தது நாக்கு என்கிறார்கள். அதற்கும் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். ஒரு புரோகிராம் இருக்கிறதாம். பேச்சு இருக்கும்போதே வேணி முந்நூறு வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்துவிட்டால், பின்னால் பேச முடியாமல் போனாலும், தட்டச்சு செய்வதை அது அவள் குரலிலேயே பேசும். "ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க" என்றார். டாக்டர்கள் எல்லாருக்குமே அவசரம்தான்.

கம்ப்யூட்டர் எங்கள் மகள் சிந்துஜா புனேவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். வேணியின் கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் வைத்திருக்கிறேன்.

வேணி: நார்மல்.

ஜூன் 14

சூலூர் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 4 வரை. ஊர் முழுக்க என் பழைய ஆபீசைத் திட்டும் நாள். நான் மட்டும் இதற்காகக் காத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு தறிக்குடோன்கள். கரண்ட் இருக்கும்வரை தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் மின்தடை நாளும்தான் தறிக்கு ஓய்வு, எங்கள் காதுக்கும் ஓய்வு.

9:05-க்குத் தறி நின்றது. கம்ப்யூட்டரை இன்வெர்ட்டரில் போட்டு, வேணியின் முகத்துக்கு முன்னால் மைக்கை வைத்தேன். திரையில் ஒவ்வொரு வாக்கியமாக வரும். படித்ததும் புரோகிராம் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை காட்டும், இல்லையென்றால் சிவப்பு காட்டித் திரும்பப் படிக்கச் சொல்லும்.

தறி நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெட்டியே ஒரு குட்டித் தறி என்று. கழற்றிப் பார்த்தேன். கோளாறு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிறது. வீட்டுக் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்னச் சின்ன வோல்டேஜாக மாற்றித் தரும் தகரப்பெட்டி அது. உள்ளே ஒரு விசிறி இரைகிறது. இன்வெர்ட்டரில் போட்டால் இரைச்சலோடு முனகலும் சேர்ந்துகொள்கிறது. வாழ்நாள் முழுக்க டிரான்ஸ்பார்மர் முனகலைக் கேட்டே கோளாறு சொன்னவன். என்னிடமா.

இன்று 82 வாக்கியம் முயன்றோம். 63 பச்சை, 19 சிவப்பு. "தண்ணீர்" வரும் மூன்று வாக்கியங்களும் சிவப்பு. விசிறி இரைச்சல் இந்த ண, ர மாதிரி எழுத்துகளை அமுக்கிவிடுகிறது.

வேணி: நார்மல். முடிக்கும்போது கொஞ்சம் களைப்பு.

ஜூன் 15

காந்திபுரத்தில் நஸ்ரின் என்ற பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். இந்தப் பெட்டியைச் சிந்துவுக்குச் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான். போன் செய்தேன். "சத்தம் எப்படி இருக்குதுன்னு ரெக்கார்டு பண்ணி வாட்சப்புல அனுப்புங்க சார், விசிறியா வேற எதாவதான்னு பாக்கறேன்" என்றாள்.

மத்தியானம் கரண்ட் போய்த் தறி நின்றதும், வேணியைச் சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளி வந்து விட்டுவிட்டு, அறையில் போனைப் பெட்டியருகே வைத்துப் பதிந்தேன். நடுவில் வேணி சோறுண்ணக் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டாள். அனுப்பின பிறகுதான் கவனித்தேன். அதை அழித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தமாக இன்னொன்று எடுத்து அனுப்பினேன். இருபது நொடி, வெறும் விசிறி. நஸ்ரின் கேட்டுவிட்டு, "விசிறிதானுங்க சார். எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாத்திடலாம்" என்றாள். நான் சொன்னதும் அதைத்தானே.

ஜூன் 18

ஞாயிறு. தறி இல்லை. விமானப்படைக்காரர்கள் இரண்டு தடவை தலைக்கு மேல் போனார்கள். 71 பச்சை, 30 சிவப்பு.

புரோகிராமே இருநூறு வாக்கியம் கொடுக்கிறது. மீதி நூறை வீட்டுக்காரர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதியதை வேணிக்குப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தாகமாக இருக்கிறது." "என்னை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள்." "மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள்."

"ஏனுங்க, இது யாரு பேசறது? ரேடியோக்காரியா?" என்றாள்.

"தேவையானதெல்லாம் இருக்குதில்ல?"

"அதெல்லாம் இருக்குது. 'ஏனுங்க' எங்க?"

"அது வாக்கியமில்ல வேணி. முழு வாக்கியமாத்தான் எடுத்துக்கும்."

"அப்பறம் உங்கள எப்படிக் கூப்புடறது? நாப்பது வருசமா அப்படித்தான கூப்புடறேன்."

கூப்பிடுவதற்கு மணி வாங்கி வைத்திருக்கிறேனே என்றேன். பூஜை மணி மாதிரி சின்னது, வலது கையால் ஆட்டலாம். மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனில் சிந்து, "அம்மா, அப்பா பேரையே பதிஞ்சிரு" என்று கிண்டல் செய்தாள். சென்னியப்பன் என்று என் பெயரை வேணி இன்றுவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு ஆபீசில்கூட என்னைக் கையால் காட்டியவள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

ஜூன் 21

காந்திபுரம் போனேன். நஸ்ரினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டுதான் பேசுவாள்.

"சார், பெட்டி சின்னது. அதுக்குள்ள போற எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சின்னதா இருக்கணும். சத்தமும் ஆகாதுங்கறீங்க. ஒயரும் கழட்டி மாட்டற மாதிரி மாடுலரா இருக்கணும். மூணும் ஒண்ணா அமையறது கஷ்டங்க சார்."

அவள் சொன்ன காரணம் எனக்கும் விளங்கியது. பெட்டி சின்னதாக இருந்தால் விசிறியும் சின்னது. சின்ன விசிறி நிறைய காற்று தள்ள வேண்டுமென்றால் பறந்து பறந்து சுற்றும், இரையும். மாடுலர் இல்லாததை வாங்கினால் வேண்டாத ஒயர்களையும் உள்ளேயே திணிக்க வேண்டும். காற்று போகாது, சூடேறும், மறுபடி இரையும். அவளே ஒரு யோசனையும் சொன்னாள். "உங்க கம்ப்யூட்டர் நூறு வாட்டு இழுக்குது. அறுநூறு வாட்டு எஸ்.எம்.பி.எஸ். போடலாங்க சார்." நூறுக்கு அறுநூறா என்று சண்டைக்குப் போனேன். பிறகு எனக்கே உறைத்தது. பெரிய டிரான்ஸ்பார்மரில் கொஞ்சம் லோடு போட்டால் குளுகுளுவென்றுதான் இருக்கும். சூடே ஏறாவிட்டால் விசிறி எதற்குச் சுற்றப்போகிறது? சில மாடல்களில் லோடு குறைவாக இருந்தால் விசிறி சுற்றவே சுற்றாதாம்.

அவள் காட்டியதில் ஒன்று பிடித்திருந்தது. டேப் வைத்து அளந்தேன். நீளம் மூன்று சென்டிமீட்டர் அதிகம். திரும்பி வந்துவிட்டேன்.

வேணி: நார்மல். வேலைக்கு வரும் அக்காவுக்கு அவள் சொன்னது புரியவில்லை, இரண்டு தடவை கேட்டாள். அந்த அக்காவுக்குக் காது மந்தம்.

ஜூன் 25

ஞாயிறு. 80 பச்சை. சிவப்பை எண்ணவில்லை. மொத்தம் 214 பச்சை.

ஓட்டிக் கேட்டேன். எல்லாவற்றிலும் பின்னால் விசிறி. பச்சை என்று புரோகிராம் விட்டுவிட்டது, நான் விட மாட்டேன். இதை வைத்துக் குரல் செய்தால், இவள் காலம் முழுக்க ஒரு தறிக்குடோனுக்குள் உட்கார்ந்துதானே பேசுவாள்? இருக்கிறதை டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிடச் சொல்லி சிந்து நச்சரிக்கிறாள். அனுப்பவில்லை. புது எஸ்.எம்.பி.எஸ். வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சுத்தமாக எடுப்போம். இனி அதுவரை பதிவு இல்லை.

ஜூன் 28

இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். நஸ்ரின் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அளவு சரி. விசிறி சத்தமில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் போட்டதும் மெல்லிய ஒரு ங்ங்ங். வேணிக்குக் கேட்கவில்லையாம். அக்காவுக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

வேணி என்னவோ சொன்னாள். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. "இதுவே போதுங்க" என்றிருக்கிறாள்.

ஜூலை 3

தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறது. ஸ்பூனில் கொடுக்கச் சொன்னார்கள்.

ஜூலை 12

மின்தடை நாள். 9 முதல் 4 வரை ஊரே அமைதி. மூன்றாவது எஸ்.எம்.பி.எஸ். வரவில்லை. பெங்களூரிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் என்றாள் நஸ்ரின், இரண்டு வாரம் ஆகிறது.

சிந்து போனில் சத்தம் போட்டாள். "அப்பா, என் லேப்டாப்ப கூரியர்ல அனுப்பறேன். அதுல சத்தமே வராது. இல்லன்னா பெட்டிய கதவுக்கு அக்கட்டால வெச்சுட்டு நீளமா மைக் ஒயரு போடுங்க."

நீள ஒயர் போட்டுப் பார்த்தாயிற்று, ஒயரிலேயே முனகல் ஏறுகிறது. லேப்டாப்பில் அந்த புரோகிராமை முதலிலிருந்து போட வேண்டும், அது எத்தனை நாள் இழுக்குமோ. கரண்ட் சமாச்சாரத்தில் எனக்குப் பெண் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, உங்களுக்கு எஸ்.எம்.பி.எஸ். வேணுமா, அம்மா குரல் வேணுமா?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

பகல் முழுக்க நானும் வேணியும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். தறி இல்லை, விமானம் இல்லை. கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. இவ்வளவு நல்ல அமைதி வீணாகப் போகிறதே என்று எரிச்சலாக இருந்தது. வேணி பேசிக்கொண்டே இருந்தாள். அவள் தம்பி கல்யாணத்தில் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதை. எனக்குத் தெரிந்த கதை என்பதால் முழுக்கப் புரிந்தது.

ஜூலை 26

வந்துவிட்டது. நஸ்ரின் போன் செய்தாள். அளவு சரி, அறுநூறு வாட்டு, மாடுலர், லோடு குறைவாக இருந்தால் விசிறி நிற்கும். இன்வெர்ட்டரில் போட்டு அரைமணி நேரம் காது வைத்துக் கேட்டாளாம், முனகல் இல்லையாம்.

"கம்ப்யூட்டர கடைக்கு எடுத்துட்டு வாங்க சார், நானே மாட்டித் தந்தர்றேன்."

"வேண்டாம்மா. நூத்திப்பத்து கேவி பாத்தவன் நான். இத மாட்ட மாட்டனா?"

"அதில்லைங்க சார், பழைய ஒயரு..."

"ஒயரெல்லாம் எனக்குத் தெரியும். பொட்டிய மட்டும் குடுத்தனுப்பு" என்று போனை வைத்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நாம் ஒன்றும் தெரியாதவர்கள்.

ஜூலை 29

லாக் புத்தகம் போலவே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.

10:40. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றினேன். வேணி கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

11:05. புதியதைப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மெயின் போர்டுக்குப் போகும் இரண்டு பெரிய ஒயர்களும் அதோடு வந்த புதியவை.

11:30. மிச்சம் ஒன்று, டிஸ்க்குக்குப் போகும் ஒயர். வேணியின் பதிவெல்லாம் இருக்கிற டிஸ்க். பழைய ஒயரை நஸ்ரின் போர்டுக்குப் பின்னால் விட்டு, ஒன்பது இடத்தில் டேக் போட்டு இறுக்கியிருக்கிறாள். எடுக்க வேண்டுமென்றால் போர்டையே கழற்ற வேண்டும். ஒயரின் முனையைப் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வைத்துப் பார்த்தேன். அதே ஆறு ஓட்டை, அதே வடிவம். டக்கென்று உட்கார்ந்தது. எங்கள் துறையில், சேரக்கூடாததைச் சேர முடியாதபடிதான் செய்வார்கள். பதினைந்து ஆம்பியர் பிளக் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. நுழைகிறது என்றால் அதற்கானது என்றுதான் அர்த்தம். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

11:52. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. விசிறி இல்லை, முனகல் இல்லை. வேணியைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

11:53. கருகல் வாடை.

ஜூலை 30

ஞாயிறு. தறி இல்லை.

ஜூலை 31

நஸ்ரின் வீட்டுக்கே வந்தாள். பெட்டியைத் திறந்ததும் அந்தப் பழைய ஒயரைத்தான் முதலில் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"முனை ஒரே மாதிரிதாங்க சார் இருக்கும். உள்ள ஒயரு வர்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. இதுல அஞ்சு வோல்ட் வர்ற எடத்துல அதுல பன்னெண்டு வருது. டிஸ்க்கு தாங்காதுங்க."

"எவன் இப்படிச் செய்வான்? மாத்தி மாட்டினா எரியுங்கறத, மாட்ட முடியற மாதிரி எவன் செய்வான்?" என்று கத்தினேன். போகும்போது வாசலில், "அன்னிக்கு போன்ல அதத்தான் சொல்ல வந்தேனுங்க சார்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

டிஸ்க்கை எடுத்துப் போயிருக்கிறாள். சென்னையில் எரிந்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்பவர்கள் இருக்கிறார்களாம். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வேணியிடம், "ஒண்ணுமில்ல, சின்ன ரிப்பேரு" என்றேன்.

ஆகஸ்ட் 5

சென்னையிலிருந்து பதில். சிப்பே வெந்துவிட்டதாம். ஒன்றும் கிடைக்காது.

ஆகஸ்ட் 6

ஞாயிறு. புரோகிராமைப் புதிதாகப் போட்டு வேணியின் முன்னால் மைக்கை வைத்தேன். திரை மேலே எண்ணிக்கை காட்டும். முன்னால் 214 / 300 என்று இருந்தது. இன்று 0 / 300. அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேணி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மைக்கைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

அவள் முதல் வாக்கியத்தைப் படித்தாள். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. பதினான்கு தடவை படித்தாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன், மறுபடி படித்தாள். சிவப்பு.

ஓட்டிக் கேட்டேன். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அவ்வளவு சுத்தமான பதிவு என் வாழ்நாளில் கேட்டதில்லை. வேணி பேசுவது மட்டும் கேட்கிறது. என்ன பேசுகிறாள் என்று எனக்கே புரியவில்லை.

விசிறி இல்லை. ஜூன் 14 அன்றைக்கும் கோளாறு விசிறியில் இல்லை. "தண்ணீர்" சிவப்பானது விசிறியால் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். முனகலைக் கேட்டுக் கோளாறு சொல்கிறவனுக்கு, கூடவே இருக்கிறவளின் நாக்கு தடிக்கிறது தெரியாதா? தெரிந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றலாம், அதை மாற்ற முடியாது. அதனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9

மின்தடை நாள். கம்ப்யூட்டரைப் போடவில்லை.

வேணியிடம் சொன்னேன். டிஸ்க்கை எரித்தது நான்தான், ஒயரை மாற்றாமல் விட்டேன், நஸ்ரின் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை, சிந்து அனுப்பச் சொன்னபோது அனுப்பவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உன் குரலை நோய் எடுக்கும் முன்னாலேயே நான் கொளுத்திவிட்டேன் என்றேன். அவள் இடது கையால் என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. என் கை மேல் அவள் கை சும்மா கிடந்தது.

ஆகஸ்ட் 17

வயிற்றில் குழாய் வைத்தாயிற்று. இனிமேல் சாப்பாடு அதன் வழியாக.

இப்போதெல்லாம் அவள் பேச முயல்வதில்லை. மணி அடிக்கிறாள். ஒரு தடவை அடித்தால் தாகம், இரண்டு தடவை என்றால் திருப்பிப் படுக்கப் போட வேண்டும். நான் எழுதிய வாக்கியங்களுக்கெல்லாம் மணியே போதுமானதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22

சிந்து வந்திருக்கிறாள், பத்து நாள் லீவு. அம்மா குரல் வேறு எங்காவது இருக்குமா என்று இரண்டு பேரும் வீட்டைப் புரட்டினோம். வாட்சப்பில் வாய்ஸ் அனுப்பும் பழக்கம் வேணிக்கு இல்லை. போட்டோ எடுத்தாலே முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோவாள். வீடியோ காலில் தினமும் பேசியிருக்கிறாள், அதை யார் பதிந்து வைக்கிறார்கள்? சிந்து கல்யாண வீடியோவைப் போட்டோம். மூன்று மணி நேரமும் மேலே சினிமாப் பாட்டு. வேணி தாம்பாளத்தோடு வருகிறாள், யாரிடமோ சிரித்துப் பேசுகிறாள், வாய் அசைகிறது. பாடுவது எவனோ.

சிந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 24

நஸ்ரின் போன் செய்தாள். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேரண்டி சீட்டை அனுப்புவதற்காக எங்கள் பழைய வாட்சப் பேச்சைத் தேடிப் போயிருக்கிறாள்.

"சார், ஜூன்ல நீங்க ரெண்டு ஆடியோ அனுப்பியிருக்கீங்க. மொத ஆடியோவுல அம்மா பேசறாங்க சார்."

அதை அழித்தேனே என்றேன்.

"உங்க போன்ல மட்டும் அழிச்சிருப்பீங்க. எங்கிட்ட இருக்குதுங்க. திருப்பி அனுப்பறேன் சார்."

பதினேழு நொடி. முதலில் வெறும் விசிறி இரைச்சல், மூக்கருகே வைத்த மாதிரி. எட்டாவது நொடியில், ஹாலிலிருந்து, இரைச்சலுக்கு அந்தப் பக்கம், வேணி.

"ஏனுங்க... அந்தக் கெரகத்த நிறுத்திப்போட்டு சோறுண்ண வாங்க. ஆறிப்போச்சு."

அடுத்து நான். பக்கத்திலிருந்து, பெரிதாக.

"சித்த பேசாம இரு வேணி. சத்தம் பதிவாகுது."

அதோடு முடிகிறது.

கட்டிலருகே உட்கார்ந்து வேணிக்குப் போட்டேன். அவள் பேசுவது வரைக்கும் விட்டு, என் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்தினேன். அவள் மணியை அடித்தாள். மறுபடி போட்டேன், மறுபடி அங்கேயே நிறுத்தினேன். மணி அடித்தாள், விடாமல் அடித்தாள். சிந்துதான், "முழுசாப் போடுங்கப்பா, முழுசாக் கேக்கணும்ங்கறாங்க" என்றாள்.

முழுக்கப் போட்டேன். "சித்த பேசாம இரு வேணி" வந்ததும் அவள் முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. இந்த நோயில் இரண்டுக்கும் ஒரே முகம்தான் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 25

டாக்டரம்மாவுக்கு அனுப்பினோம். பதினேழு நொடியை வைத்துக் குரல் செய்ய முடியாது என்றார். விசிறி இரைச்சலையாவது எடுத்துத் தர முடியுமா என்று நஸ்ரினைக் கேட்டேன். மத்தியானம் வரை முயன்றிருக்கிறாள். "ரெண்டும் ஒண்ணா கலந்திருக்குது சார். சத்தத்த எடுத்தா அம்மாவும் போயிடறாங்க."

அப்படியே இருக்கட்டும் என்றேன். சிந்துவின் போனிலும் என் போனிலும் நஸ்ரின் கடையிலும் மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். இப்போது புத்தி வந்து என்ன.

அந்தப் பதினேழு நொடியில் முதல் வார்த்தை "ஏனுங்க". வாக்கியமில்லை என்று நான் பட்டியலில் சேர்க்காத வார்த்தை.

ஆகஸ்ட் 27

ஞாயிறு. தறி இல்லை. சிந்து மருந்துக்கடைக்குப் போயிருந்தாள்.

காலை 10 மணிக்குப் பெட்டியைத் திறந்து புது எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றினேன். பழையதை எடுத்து மாட்டினேன். இந்தத் தடவை போர்டையே கழற்றி, அதனுடைய ஒயர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். இன்வெர்ட்டரில் போட்டேன். விசிறி இரைந்தது. முனகலும் வந்தது. வேணி கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நிறுத்தச் சொல்லி மணி அடிக்கவில்லை.

12:30-க்கு அக்கா சமைத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில், ஜூன் 15 அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தேனோ அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பேசவில்லை, அசையவில்லை. ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் நானே போட்டுக்கொண்டேன். சோறு ஆறிப்போயிருந்தது.